தனி அடுப்பு

அந்தப் பகுதியில் அவளுக்குச் செருப்பெண்ணி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை; நேரில் எல்லோருக்கும் அவள் மேடம்தான். நலத்துறை அலுவலகத்தில் வீட்டு விசாரணை அவள் வேலை. துணையில்லாமல் தனியாக வாழ்கிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. வாங்குகிறவர் உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கிறாரா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்துவந்தாள். கதவு திறந்ததும் அவள் கண் முதலில் தரைக்குப் போகும். எத்தனை ஜோடி செருப்பு, என்ன அளவு, எது ஈரமாக இருக்கிறது. அப்புறம் குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ், கொடியில் காயும் துணி, கட்டிலில் தலையணை.

ஒரு முறை, கணவன் விட்டுவிட்டு ஓடிப்போனதாக அழுத பெண்ணின் வீட்டில் ஷேவிங் பிரஷ் ஈரமாக இருந்தது. "நாய்க்கு சோப்புப் போடுறதுக்கு மேடம்" என்றாள் அந்தப் பெண். நாய் எங்கே என்று கேட்டால், "அதுவும் ஓடிப்போயிடுச்சு" என்றாள். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் பெண்ணின் உதவித்தொகை அந்த மாதமே நின்றது.

ஈவிரக்கம் இல்லாதவள் என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்த விதம் அப்படி. சாரத்திலிருந்து விழுந்து அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. அக்கம்பக்கத்தார் உதவிக்கான படிவத்தை வாங்கிவந்தே கொடுத்தார்கள். அம்மா அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் செருகினாள். "கையும் காலும் நல்லா இருக்கும்போது வரிசையில போய் நிக்கணுமா? செத்தாலும் அது மட்டும் வேண்டாம்" என்றாள். மூன்று வீட்டில் தரை துடைத்தாள். பிள்ளைகள் அவித்த உருளைக்கிழங்கைத் தோலோடு தின்று வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் இலவசச் சாப்பாடு வேண்டுபவர்கள் கை தூக்குங்கள் என்று ஆசிரியை சொன்னபோது அவள் தூக்கவில்லை. பசிக்கவில்லை என்றாள். வயிறு கத்துவது பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டுவிடுமோ என்று இருமிக்கொண்டே இருந்தாள். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப்போய், பெரியவளானதும் ஒரு நம்பிக்கையாகவே உறைந்தது. நிஜமாகத் தேவைப்படுகிறவர் கேட்கமாட்டார். கேட்கிறவருக்குத் தேவை இருக்காது.

இப்படி நினைத்தவள் அவள் மட்டும் இல்லை. பஸ்ஸிலும் ரொட்டிக்கடை வரிசையிலும் முடிவெட்டும் கடையிலும் இதே பேச்சுதான். "நாம உழைச்சுக் கொட்டுறோம், அவனுங்க உக்காந்து திங்கிறானுங்க" என்பார்கள். சொல்கிறவருடைய சொந்த அத்தையே உதவித்தொகை வாங்கிக்கொண்டிருப்பார். கேட்டால், "அத்தை பாவம், அவங்களுக்கு நிஜமாவே முடியல" என்று பதில் வரும். அடுத்த வீட்டு அத்தைகளுக்கெல்லாம் எப்படியோ முடிந்துவிடும்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் கிடந்தாள். அவள் போனபோது இவளுக்கு நாற்பத்து மூன்று. தம்பி வேறு ஊரில் குடும்பத்தோடு இருந்தான். மாதம் ஒரு முறை போன் செய்வான்.

"சாப்பிட்டியாக்கா?"

"சாப்பிட்டேன்டா."

"சரிக்கா. உடம்பப் பாத்துக்க."

அவ்வளவோடு முடியும். மூன்றாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் அவளுடைய வீடு. சாப்பாட்டை அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி பாத்திரத்திலிருந்து சாப்பிட்டுவிடுவாள். தட்டு எடுத்தால் அதையும் கழுவ வேண்டும்.

ஒரு நாள் அலுவலகத்துக்குக் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று வந்தது. 'நாலாவது கட்டடம், இரண்டாம் மாடி. கிழவனும் கிழவியும் ஆளுக்கு ஓர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரே குடித்தனம் நடத்துகிறார்கள். எல்லாம் எங்கள் வரிப்பணம்' என்று இருந்தது. கிழவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், மனைவியை இழந்தவர். கிழவி சலவைக்கடையில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவர், துணையில்லாதவர். இருவருக்கும் எதிரெதிர் அறை.

பொய் சொல்ல அவகாசம் கிடைக்காத நேரம் மத்தியானம்தான் என்பது அவள் அனுபவம். சரியாகப் பன்னிரண்டரைக்குக் கண்டக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது இஸ்திரிக்காரம்மா. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.

உள்ளேயிருந்து, "யாரது? உள்ள வாங்க, படியில நிக்காதீங்க" என்று ஒரு குரல் வந்தது. இருபது வருஷம் பஸ்ஸில் கத்திப் பழகிய குரல். கண்டக்டர் சின்ன மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பார்வை வாசல் பக்கம் திரும்பியிருந்தாலும் ஆள் நின்ற இடத்தில் பதியவில்லை. மேஜையில் இரண்டு தட்டு, ரொட்டி, ஒரு சட்டியில் காய்கறி சூப்.

அவள் படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். ஒன்பதாவது கேள்விதான் முக்கியமானது.

"அடுப்பு தனியா, பொதுவா?"

இஸ்திரிக்காரம்மா மழுப்பவில்லை. "என் ரூம்லயும் அடுப்பு இருக்கு. பத்த வைக்கிறதில்ல. ரெண்டு பேருக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு? கேஸுக்குப் பிடிச்ச தண்டம்."

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு மேடம்" என்றார் கண்டக்டர். "இவங்க இல்லன்னா உப்புன்னு நினைச்சு சோப்புத்தூளப் போட்டுக்குவேன். ஒரு தடவ போட்டேன்."

"நுரை தள்ளுன சூப்ப உலகத்துல மொதல்ல குடிச்சது இவருதான்" என்றார் இஸ்திரிக்காரம்மா. இருவரும் சிரித்தார்கள். நூறு தடவை சொல்லி நூறு தடவை சிரித்த சிரிப்பு அது என்று பார்த்தாலே தெரிந்தது.

அடுத்த கேள்வியையும் அவள் கேட்டாக வேண்டும். "படுக்கிறது?"

இஸ்திரிக்காரம்மாவின் முகம் இறுகியது. "என் கட்டில் என் ரூம்லதான் கிடக்கு. வந்து பாத்துக்குங்க. எழுபது வயசுல இதையும் கேக்கணுமா?"

"படிவத்துல இருக்கும்மா."

கட்டிலைப் போய்ப் பார்த்தாள். ஒற்றைத் தலையணை, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. திரும்பி வந்து ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'பொது' என்று எழுதினாள். அது உண்மை. உண்மையை எழுதுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

கீழே இறங்கும்போது முதல் மாடியில் ஒருவர் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தையற்காரர். ஒரு முழங்கால் மடங்காமல் நீட்டியபடி இருந்தது.

"நான்தான் எழுதிப் போட்டேன். ஒளிச்சு மறைச்சு என்ன ஆகப்போகுது" என்றார்.

"கையெழுத்துப் போட்டிருக்கலாமே."

"போட்டா மேல இருக்கிறவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "நானும் மனு போட்டேன் மேடம். வீட்டுல தையல் மெஷின் இருக்கு, அதனால தொழில் இருக்குன்னு தள்ளிட்டாங்க. மெஷின் இருக்கு, சரி. மிதிக்கிறதுக்குக் கால் வேணாமா? எனக்கு ஒரு பணம்கூட வரல, அவங்களுக்கு ரெண்டு வருது" என்றார்.

அந்த மனுவை விசாரித்து, 'தொழிற்கருவி உண்டு' என்று எழுதியது வேறு யாருமல்ல, அவளேதான். அவருக்கு அது மறந்துபோயிருந்தது, அவளுக்கு மறக்கவில்லை.

ஒரே அடுப்பு என்றால் ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஓர் உதவித்தொகை. இஸ்திரிக்காரம்மாவுடையது நிறுத்தப்பட்டது. பத்து நாளில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தார்.

"தனித்தனியா சமைச்சா திரும்பக் கிடைக்கும்மா. மூணு மாசம் கழிச்சு மறுவிசாரணைக்கு வருவேன்" என்றாள் அவள்.

"அப்போ நான் அவர் வீட்டுப் பக்கம் போகக்கூடாது."

"போகலாம். அங்க சமைக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது."

இஸ்திரிக்காரம்மா யோசித்தார். "கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒருத்தர் பணம் போயிடும். பண்ணிக்காம ஒண்ணா சாப்பிட்டாலும் போயிடும். ஒரு பணத்துல ரெண்டு பேர் மருந்து வாங்க முடியாது. எங்கள என்னதான்மா பண்ணச் சொல்றீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். கோபப்படுகிறவர்களுக்குச் சொல்ல இருபத்தாறு வருஷத்துப் பதில்கள் கைவசம் இருந்தன. இவர் வழி கேட்கிறவரைப் போலக் கேட்டார். வரிசையில் பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் முடிங்கம்மா, எங்களுக்கும் வேலை இருக்கு" என்றான். இஸ்திரிக்காரம்மா நகர்ந்துகொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறுவிசாரணைக்குப் போனாள். இஸ்திரிக்காரம்மாவின் அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கேட்பதற்கு முன்பே அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

எதிர் அறையில் கண்டக்டர் இடது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?"

"பால் பொங்குற சத்தம் கேட்டு எடுக்கப் போனேன். பாத்திரம் ஒரு பக்கம் இருந்துது, கை ஒரு பக்கம் போயிடுச்சு." அடுப்பின் திருகில் சிவப்பு நூல் ஒன்று சுற்றியிருந்தது. நூல் விரலில் தட்டினால் அடுப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தமாம். "அவங்கதான் கட்டிவிட்டாங்க. அன்னிக்கு உள்ள வந்தது, அதோட சரி. இப்பல்லாம் வாசல்படி வரைக்கும் வருவாங்க, ரெண்டு வார்த்தை பேசுவாங்க, போயிடுவாங்க. நான் சாப்பிடும்போது அந்தப் பக்கம் அவங்க சாப்பிடுற சத்தம் கேக்கும். கதவத் திறந்து வச்சுக்கலாம்னு சொன்னேன். வேணாம், யாராவது எழுதிப் போட்டுடுவாங்கன்னுட்டாங்க."

மேஜையில் காய்ந்த ரொட்டியும் திறந்த டப்பா மீனும் இருந்தன. குளியலறையில் ஒரு பிரஷ். வாசலில் ஒரு ஜோடி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. இஸ்திரிக்காரம்மாவின் படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, 'தனியாக வசிக்கிறார். அடுப்பு தனி. தகுதி உண்டு' என்று எழுதினாள். ஆயிரம் முறை எழுதிய வரிதான். அன்றைக்கு அதை எழுதி முடிக்க வெகுநேரம் பிடித்தது. பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர், "நீளமா எழுதறீங்க போல" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து வழக்கம்போல அடுப்பின் பக்கத்தில் நின்று சாப்பிட ஆரம்பித்தாள். நாலாவது வாய் எடுக்கும்போது அவளுக்கே என்னவோ போலிருந்தது. தட்டு ஒன்று எடுத்துப் போட்டு மேஜையில் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை. எழுந்து அடுப்பின் பக்கமே வந்துவிட்டாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது, அதுவரை காற்றுகூடக் காகிதத்தைக் கலைக்கக்கூடாது என்று இருப்பவர்.

"சட்டம் நம்ம கையிலயா இருக்கு? ஒரு ஜோடியச் சேர்ந்து சாப்பிட விட்டா, நாளைக்கு ஊரே சேர்ந்து சாப்பிடும்" என்றார்.

"சாப்பிட்டா என்ன சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்க லீவு எடுத்து ரொம்ப நாளாச்சு, இல்ல?"

லீவு எடுத்தாள். எடுத்த லீவில் விதிப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஆளைப் பிடிப்பதற்கான விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். விடுவதற்கான விதிகளை அவள் தேடிப் பார்த்ததே இல்லை. பின்னிணைப்பில், பொடி எழுத்தில் ஒன்று கிடைத்தது. பார்வைக் குறைபாட்டுச் சான்று பெற்றவர் துணையாள் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். துணையாள் அதே அடுப்பில் சமைத்து உண்பது கூட்டுக் குடித்தனம் ஆகாது.

இஸ்திரிக்காரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார். "நடந்தா பாப்போம்" என்றார். அவள் வாயிலிருந்து வருவதை நம்ப அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

சான்று அரசாங்கக் கண் மருத்துவமனையில் வாங்க வேண்டும். மூன்று முறை அலைய வேண்டியிருந்தது. மூன்று முறையும் அவளே கண்டக்டரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வண்டி திரும்புவதை வைத்தே அவர் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்போ தண்ணித்தொட்டி. அடுத்து ரெண்டு வேகத்தடை, அப்புறம் பெரிய ஆபீஸ்." ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டாவது முறை போகும்போது அவள் கேட்டுவிட்டாள். "என் மேல உங்களுக்குக் கோவமே இல்லையா?"

"நீங்க எழுதுனது பொய்யில்லையே. ஒரே அடுப்புதான்." கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "உங்க வீட்டுல யார் யாரு மேடம்?"

"நான்தான்."

"விசாரிக்க யாராவது வர்றாங்களா?"

"யாரும் வர்றதில்ல."

"அது கஷ்டம்தான்" என்றார் கண்டக்டர்.

மருத்துவமனைச் சீட்டில், கூட வந்தவர் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மற்றவர்களை இதே கேள்வி கேட்டு, அவர்கள் திணறும்போது ஓரக்கண்ணால் பார்த்தவள் அவள். கண்டக்டர்தான், "தெரிஞ்சவங்க" என்றார். எழுத்தர் அப்படியே எழுதிக்கொண்டார்.

சான்று கிடைத்து, அதை இணைத்து மனு போட்டு, அது மூன்று மேஜை தாண்டி உத்தரவாக வருவதற்கு ஏழு மாதம் ஆனது. உத்தரவு கைக்கு வந்த மத்தியானமே அவள் நாலாவது கட்டடத்துக்கு நடந்தாள். இரண்டாம் மாடியில் இஸ்திரிக்காரம்மாவின் கதவில் பூட்டு தொங்கியது. கதவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டைக் கிழித்திருந்தார்கள்.

கீழே தையற்காரர் சொன்னார். "போன வாரம் காலி பண்ணிட்டாங்க. தங்கச்சி வீட்டுக்கு. தங்கச்சி புருஷன் தவறிட்டாராம், அவளுக்கும் நடமாட்டம் இல்லையாம். பெட்டியத் தூக்க ஆள் இல்லாம ரெண்டு தடவ ஏறி எறங்குனாங்க." அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அவங்க போகணும்னு நான் எழுதல மேடம். எனக்கும் கிடைக்கணும்னுதான் எழுதுனேன்."

அன்றே அவருக்காக ஒரு மேல்முறையீட்டை அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அதையும் தள்ளிவிட்டார்கள். மறு வருஷம், தையல் மெஷினை விற்ற பிறகு, அவருக்கு உதவித்தொகை வந்தது.

மேலே போய்க் கண்டக்டருக்கு உத்தரவைப் படித்துக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"துணையாள் வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்."

"யாரை?"

விண்ணப்பித்தால் துறையே ஆள் அனுப்பும் என்றாள். அப்படியே வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம் ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். ஐந்து வீடு பார்க்க வேண்டும் என்பதால் கோட்டைக் கழற்றாமலே சமைப்பாள், சமைத்து மூடி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். கூட உட்கார்ந்து சாப்பிடுவது அவள் வேலையில் சேரவில்லை.

அந்த வருஷமே செருப்பெண்ணி வீட்டு விசாரணையிலிருந்து மாற்றல் கேட்டாள். சான்றிதழ்ப் பிரிவில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவளுடைய இடத்துக்கு வந்தவர் ஒரு மாதத்தில் பதினோரு பேரின் உதவித்தொகையை நிறுத்தினார் என்று அலுவலகத்தில் பாராட்டிப் பேசிக்கொண்டார்கள்.

இஸ்திரிக்காரம்மாவின் புது முகவரியை வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, உத்தரவு வந்த விவரத்தையும், கண்டக்டருக்குச் சமைக்க ஒரு பெண் வந்துபோவதையும் எழுதிப் போட்டாள். திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும், நானே மனு எழுதித் தருகிறேன் என்று கடைசியில் சேர்த்திருந்தாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அது அவளுக்கு எழுதியதா, கண்டக்டருக்கு எழுதியதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்து படித்தாள்.

'தங்கச்சியை விட்டுட்டு வர முடியாது. அவளுக்குக் கை குடுத்துத்தான் எழுப்பணும். உத்தரவு வாங்குனதுக்கு நன்றி. இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம். இங்க யாரும் வந்து ஒண்ணும் கேக்கறதில்ல. அவருக்கு முட்டையை முழுசா அவிக்கச் சொல்லுங்க, அரைவேக்காடு ஒத்துக்காது. அரைவேக்காடுதான் பிடிக்கும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருப்பாரு. நம்ப வேண்டாம்.'

கண்டக்டர் சிரித்தார். "சொல்லிட்டேன். மொத நாளே சொல்லிட்டேன்." பிறகு, "இன்னொரு தடவ படிங்க" என்றார்.

படித்தாள். முட்டை வரும் இடத்தில் அவர் மறுபடி சிரிக்கவில்லை.

"பதில் எழுதணுமே. இந்தக் கண்ண வச்சுக்கிட்டு எனக்கு எழுத வராது. நீங்க எழுதறீங்களா?"

அவள் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மாடிப்படியில் யாரோ ஏறிப் போனார்கள். அந்தச் சத்தம் மேல் மாடிக்குப் போய் அடங்குகிறவரை கண்டக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கேன்னு எழுதுங்க."

எழுதினாள். "வேற?"

"தங்கச்சியக் கேட்டதாச் சொல்லுங்க."

அதையும் எழுதினாள். "அப்புறம்?"

"அவ்வளவுதான்" என்றார் கண்டக்டர். "அவங்களுக்குப் புரியும்."

கீழே ஒரு கோடு போட்டு, அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவர் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். தாளில் முக்கால்வாசி வெள்ளையாகவே கிடந்தது. அவள் அதை மடித்து உறையில் போட்டு, முகவரி எழுதி, தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றாள்.